ஏணி மாமாவின் இடது செருப்பு

ஹாலிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. அரை நொடி கழித்து இன்னொரு டொக், முதலாவதைவிடக் கொஞ்சம் மந்தமாக.

உள் அறையில், தையல் மெஷினுக்கு முன்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த டெய்லர் தலையைத் தூக்கினார். வாயில் மூன்று குண்டூசிகள். அவற்றின் இடுக்கில் வழி கண்டுபிடித்து வெளியே வந்த குரலில், "ரெண்டாவது அடிச்சது பாப்பா. பேட்டு நரம்பு தளர்ந்துடுச்சு. பேட்டை மாத்தச் சொல்லணும்" என்றார்.

யாரிடம் சொன்னார்? சுவரிடம்தான். அந்த அறையில் அவருக்கு அன்று அனுமதிக்கப்பட்டிருந்த துணை அது ஒன்றே.

டிவி ஹாலில் இருக்கிறது. அதில் ஆடிக்கொண்டிருப்பவள் அவர் பெற்ற மகள். வயது பத்தொன்பது. இந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய டென்னிஸ் போட்டியில் முதல் தடவையாக, முதல் ரவுண்டு. மைதானம் வீட்டிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று அவள் கொடுத்துவிட்டுப் போன இரண்டு பாஸ்களும் மெஷினுக்கு மேலே, ஒரே குண்டூசியில், அவர் மூக்குக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆகவே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று நான் சொன்னது முழு உண்மை இல்லை. பாஸைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மைதானத்துக்குத்தான் போகவில்லை, எழுந்து பத்தடி நடந்தால் டிவியையாவது பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம்தான். ஆனால் தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் அன்று ஒரு திரைச்சீலையும் ஒரு மனிதரும் இருந்தார்கள். திரைச்சீலையையாவது ஒதுக்கலாம்.

வாசகர்களே, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்கள் என்று ஒரு இனம் உண்டு. உங்கள் மகன் மூன்று மாதம் கண் விழித்துப் படித்துப் பரீட்சை எழுதியிருப்பான். ஆனால் பாஸானதற்குக் காரணம் இவர் அன்று பூராவும் நீலச் சட்டையைக் கழற்றாமல் இருந்தது. டாக்டர் ஐந்து மணி நேரம் நின்று ஆபரேஷன் செய்திருப்பார். ஆனால் உயிர் திரும்பியதற்குக் காரணம் இவர் ஆஸ்பத்திரி நடையில் மூன்றாவது நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதது. இவர்கள் பொய்யர்கள் இல்லை. ஏமாற்றுக்காரர்களும் இல்லை. சத்தியமாக நம்புகிறவர்கள். நம் நன்மைக்காக மூச்சை அடக்குகிறவர்கள். பதிலுக்கு அவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் சொல்லும் இடத்தில் நாம் உட்கார வேண்டும்.

ஹாலில் இருந்த அந்த மனிதர் தொழிலிலும் பக்கத்து சீட்டுக்காரர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அந்த வண்டிகளில் வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், தெரியுமல்லவா? இருபத்தாறு வருடம் அந்த பிரேக்கை மிதித்து மிதித்து, அடுத்தவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்போது தன் காலால் உலகம் நிற்கும் என்ற தீர்மானத்துக்கு அவருடைய வலது பாதம் வந்துவிட்டது. சினிமா பார்க்கும்போது மிதிக்கிறார். லிஃப்டில் மிதிக்கிறார். டெய்லர் மகள் பந்தை வெளியே அடிக்கப்போகும்போது தரை அதிர மிதிக்கிறார். சில சமயம் பந்து கோட்டுக்குள்ளேயே விழுந்தும்விடுகிறது. பாதத்தின் தன்னம்பிக்கைக்கு அது போதாதா?

அவர் பெயர் அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. ஏணி மாமா. அவ்வளவுதான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், தன் டிரைவிங் ஸ்கூல் போர்டை நேராக மாட்டுவதற்கு ஏணி இரவல் கேட்டு அவர் இந்த வீட்டுக்கு வந்தார். அன்று பதினாலு வயதுப் பெண் தூரத்து ஊரில் ஜூனியர் ஃபைனல் ஆடிக்கொண்டிருந்தாள். கூடப் போன அண்ணன்காரன் போனில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு ஐந்து என்று பின்தங்கியிருந்தாள். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இடது செருப்பை மாட்டி, வலது செருப்பை மாட்டுவதற்குள், "ரெண்டுக்கு அஞ்சு" என்றான் பையன். மாமா அப்படியே நின்றார். "மூணுக்கு அஞ்சு." தோளில் ஏணி அழுத்தியது. நகரவில்லை. ஏழுக்கு ஐந்து என்று பெண் ஜெயித்து முடிக்கும்வரை முக்கால் மணி நேரம் ஒற்றைச் செருப்போடு நின்ற அந்த நேரத்தில், தனக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது என்பதை அவர் உணர்ந்தார். கண் கலங்கியது. ஏணி கனத்தாலும் இருக்கலாம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மேட்சுக்கும் வாசலோரத்து ஷூ பெஞ்சில், இடது காலில் செருப்போடு, வலது காலில் வெறும் பாதத்தோடு அவர் உட்கார்கிறார். அவர் மட்டும் உட்கார்ந்தால் பரவாயில்லையே. பெண்ணின் அம்மா சமையலறை நிலைப்படியில், காலிப் பாத்திரத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரு செமிஃபைனலின்போது அப்படித்தான் நின்றாள். மாடியில் குடியிருக்கும் நான், ஒரு பகல்பொழுதில் தெரியாத்தனமாக மிக்ஸி கேட்டு இறங்கி வந்ததன் விளைவாக, இரண்டு அறைக்கும் நடுவிலிருக்கும் நாற்காலியில் மஞ்சள் குஷனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். டெய்லர் உள் அறையில், திரும்பிப் பார்க்கக் கூடாது. வீட்டிலுள்ள எல்லா செல்போனும் காலை பத்து மணிக்கே ஆஃப் செய்யப்பட்டு பட்டன் டப்பாவுக்குள் போய்விட வேண்டும். முன்பொரு தடவை ஏதோ கம்பெனிக்காரன் பேசிய ஒரு போனில் ஒரு செட் போய்விட்டதாம். கடை போனுக்கு மட்டும் விலக்கு. அது கஸ்டமருக்கு.

ஏணி? அது இன்னும் மாமா வீட்டுச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. ஒருமுறை திருப்பித் தரலாமென்று எடுத்தார். அன்று பெண் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அதைத் தொடுவதே இல்லை. தொடாததால் டிரைவிங் ஸ்கூல் போர்டு இன்றுவரை கோணலாகவே தொங்குகிறது. டெய்லர், மேல் தட்டிலிருந்து ஜிப் டப்பாவை எடுக்க, நாற்காலிமேல் இன்னொரு நாற்காலியைப் போட்டு ஏறுகிறார்.

அந்தப் பெண் மேலே வந்த வரலாறு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று இப்படி. இருபது வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டிலிருந்து இரண்டு பெட்டியும் ஒரு தையல் மெஷினின் தலையுமாக அவள் அப்பாவும் அம்மாவும், சின்னப் பையனான அண்ணனோடு, வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. இங்கே பிறந்த பெண்ணை, அவளுக்கு ஏழு வயதானபோது, கொண்டுபோய் விட வேறு இடமில்லாததால் சலவைக்கூடத்துப் பின்சுவரோரம் நிறுத்தினாள். அங்கே வேலி தாண்டி வந்து விழுந்த ஒரு வழுக்கைப் பந்து கிடந்தது. சுவர் சலிக்காமல் திருப்பி அடித்தது, பெண்ணும் சலிக்கவில்லை. ஒன்பது வயதில், நகராட்சி மைதானத்தைப் பெருக்குகிறவர், தான் பெருக்கி முடிக்கும்வரை ஆடிக்கொள் என்றார். அதற்காகவே கொஞ்சம் மெதுவாகப் பெருக்கினார். அப்பா ஒரு உடைந்த மட்டையை, பழைய பேன்ட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்த்து, நரம்பு கட்டக் கற்றுக்கொண்டார். அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டு அவளுக்குப் பந்து போட வந்தான். பதினெட்டு வயதில், தொடர்ந்து பதினோரு வாரம், பதினோரு ஊரில், முதல் ரவுண்டிலேயே தோற்றாள். பன்னிரண்டாவது ஊருக்கும் பஸ் ஏறினாள்.

இரண்டாவது வரலாறு ஏணி மாமாவுடையது. அதில் சுவரும் பஸ்ஸும் கிடையாது. பதினோரு வாரத் தோல்விக்கு அதில் ஒரே வரிதான்: "அந்த நேரம் பாத்து நான் புதுச் செருப்பு வாங்கிட்டேன்." பழைய செருப்பை மறுபடி தேடியெடுத்த கதையை அவர் சொல்லும்போது, நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு விஷயம்தான் சிரிக்க விடவில்லை. பாப்பாவுக்குப் பதினொரு வயதிருக்கும்போது டெய்லர் ஒரே ஒரு தடவை அவள் மேட்சுக்குப் போயிருக்கிறார். கடையிலிருந்து நேராக, சட்டையெல்லாம் நூல் ஒட்டியிருக்க, கம்பி வேலிக்கு வெளியே நின்றார். பெண் ஒவ்வொரு பாயிண்டுக்கும் திரும்பித் திரும்பி அவரையே பார்த்தாள். ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அன்றோடு சரி. 'நான் நின்னா அவளுக்கு ஆட வராது' என்று அந்த மனிதர் தனக்குத்தானே ஒரு தீர்ப்பு எழுதி உள்ளே தைத்துவிட்டார். எட்டு வருடமாகிறது. மகள் ஒவ்வொரு ஊரிலிருந்தும், "அப்பா, ஒரு தடவை வாங்களேன்" என்பாள். அவர் கஸ்டமர் என்பார், கல்யாண ஆர்டர் என்பார். இந்தத் தடவை அவள் ஆடுவது சொந்த ஊரிலேயே. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஏணி மாமா உதவிக்கு வந்தார்.

"டெய்லர், நான் சொல்றதக் கேளுங்க. அஞ்சு வருஷமா ஓடுற வண்டி. கியர மாத்தாதீங்க."

"பாப்பா ஆசையாக் குடுத்துச்சுண்ணே."

"குடுக்கும். குழந்தைக்கு என்ன தெரியும்? உங்க ஆசை பெருசா, அவ ஜெயிக்கிறது பெருசா?"

இந்தக் கேள்விக்கு எந்தத் தகப்பனால் பதில் சொல்ல முடியும்? அவர் உள் அறைக்குப் போனார். அவர் வராமல் தான் மட்டும் எப்படி என்று அம்மா கரண்டியை எடுத்தாள். மாமா முந்தின நாளே எல்லாவற்றையும் உறுதிசெய்துவிட்டு, அன்று மத்தியானம் புதிதாக முடி வெட்டிக்கொண்டு, காலர் ஓரத்தில் பவுடர் தெரிய, மூன்று மணிக்குக் கால் மணி இருக்கும்போது வந்து பெஞ்சில் அமர்ந்தார். சரியாக மூன்றுக்கு டிவியில் மேட்ச் ஆரம்பித்தது.

முதல் செட் போய்விட்டது. நாலுக்கு ஆறு.

"யாரோ நகர்ந்திருக்கீங்க" என்றார் மாமா.

நான் குஷனைப் பார்த்தேன். அம்மா கரண்டியைப் பார்த்தாள்.

"தங்கச்சி, கரண்டி போன தடவை இந்தக் கையிலயா இருந்துச்சு?"

"இந்தக் கைதாண்ணே. இது வலிச்சுதுன்னா மாத்திக்கலாமா?"

"வலிக்கட்டும்."

டிவியில் பெண் ஒரு பாயிண்ட் முடிந்து மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தாள். கேமராவும் அவளோடு அங்கே போனது. அண்ணன்காரன் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இரண்டு நாற்காலி காலியாக. அடுத்த பாயிண்ட். மறுபடியும் பார்த்தாள். அடுத்ததற்கும்.

"ஏன் அங்கேயே பாக்கறா?" என்றாள் அம்மா.

"அண்ணன்கிட்ட ஏதோ சைகை. அது அவங்க டெக்னிக்கு."

"அந்த ரெண்டு சேரும் நம்மளோடதா?"

"பாத்தியா, காலியா இருக்கு. ரொம்ப நல்லது" என்று மாமா பிரேக்கை மிதித்தார்.

பிரேக் பிடிக்கவில்லை. இரண்டாவது செட்டில் இரண்டுக்கு ஐந்து. இந்த கேம் போனால் மேட்சே போயிற்று. பெண் சர்வீஸ் போடத் தயாரானாள். பந்தை ஒரு தடவை தட்டினாள். இரண்டு தடவை. மாமாவின் பாதம் தரையில் ஊன்றி நின்றது. திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் டெய்லர் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

அந்த நேரத்தில் கடை போன் அடித்தது.

"எடுக்காதீங்க" என்றார் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு. "பேன்ட்டு ரெடியான்னு கேப்பான். ரெடியில்லன்னா இல்லன்னுதானே அர்த்தம்."

ஆனால் இருபது வருடப் பழக்கம் இருக்கிறதே. தையல்காரருக்கு இரண்டு கையிலும் எப்போதும் துணி, வாயில் எப்போதும் ஊசி; ஆகவே போன் அடித்தால் முழங்கையாலேயே ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிடுவார். அமுக்கிவிட்டார்.

"அப்பா?"

டிவியில் பெண் மூன்றாவது தடவை பந்தைத் தட்டினாள்.

"அப்பா, நான்தான்."

நான்காவது தடவை.

திரைச்சீலை விலகியது. கடை போனைக் கையில் ஏந்தியபடி, வாயில் மூன்று குண்டூசியோடு, டெய்லர் ஹாலுக்கு வந்து நின்றார். மகள் ஆடுவதை எட்டு வருடத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார். கையில் அவள் குரல். எதிரில் அவள் உருவம். உருவம் பந்தை மேலே தூக்கிப் போட்டது.

"உள்ள போங்க டெய்லர்" என்று மாமா கிசுகிசுத்தார். "சர்வீஸ் போடறா."

"போன்ல இருக்கா."

"யாரு?"

"அவதான்."

மாமா டிவியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "அப்புறமாப் பேசச் சொல்லுங்க. இப்ப ஆடறப்ப எதுக்குப் போன்?"

அம்மாதான் முதலில் அசைந்தாள். கரண்டியோடு கிட்டே வந்து, போனிடம் குனிந்து, "பாப்பா, நீ எங்கம்மா இருக்க?" என்றாள்.

"டிரஸ்ஸிங் ரூம்லம்மா. குளிச்சுட்டு இப்பதான் வந்தேன்."

"குளிச்சுட்டியா?" அம்மா திரும்பி டிவியைப் பார்த்தாள். "இங்க உனக்கு வேர்த்து ஊத்துதே."

"அம்மா, மேட்ச் எப்பவோ முடிஞ்சுது. எனக்கு முன்னாடி ஆடுனவங்க ஒருத்தங்களுக்குக் கால் பிசகிடுச்சு, பாதியில போயிட்டாங்க. என்னைப் பன்னெண்டரைக்கே கூப்பிட்டுட்டாங்க. டிவில பெரிய மேட்சு முடிஞ்சு மூணு மணிக்குத்தான் என்னுதைப் போடறாங்க. அண்ணன் காலைல எத்தனை மெசேஜ் போட்டான். ஒரு போன்கூட எடுக்கல. அந்த ரெண்டு சீட்டும் காலி." குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "மேட்ச் பூரா அதையேதாம்மா பார்த்துட்டு இருந்தேன். அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டேன். யாரும் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு நினைச்சுட்டேன்."

பட்டன் டப்பா அலமாரியில் அமைதியாக இருந்தது.

"கடை நம்பரை நாங்க ரெண்டு பேரும் போன்ல போட்டு வெக்கல, எனக்கு மனப்பாடமாவும் தெரியாது. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பைக்குள்ள அப்பா தச்சு வெச்ச துணி லேபிள்ல இருக்குமே."

பள்ளிக்கூடத்தில் முதல் மட்டைப்பை வாங்கிய நாளில், தொலைந்துபோனால் யாராவது கூப்பிடட்டும் என்று டெய்லர் ஒரு சின்னத் துணியில் கடை நம்பரைத் தைத்து உள்ளே வைத்திருந்தார். அதற்கப்புறம் ஐந்து பை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பழையதிலிருந்து பிரித்துப் புதியதில் தைத்திருக்கிறார். பை இதுவரை தொலையவில்லை. அன்று கூப்பிட்டவள் பைக்குச் சொந்தக்காரிதான்.

டெய்லர் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் குத்தினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாருக்கேன். நான் வந்தா உனக்கு ஆட வராதுன்னு... அன்னிக்கு மாதிரி ஆயிடக் கூடாதுன்னு."

"என்னிக்கு மாதிரி?"

"சின்னதுல. நான் வேலிகிட்ட நின்னேன். என்னையே பாத்துப் பாத்து தோத்தியே."

டிவியில் கூட்டம் கைதட்டியது.

"அப்பா, அன்னிக்கு ஷூ கடிச்சுது. ஒரு சைஸ் சின்னது. கட்டைவிரல்ல நகம் பேந்துடுச்சு. சொன்னா உடனே வேற வாங்கப் போயிடுவீங்கன்னு சொல்லல. நொண்டறத நீங்க பாத்துடுவீங்களோன்னுதான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "எட்டு வருஷமா அதனாலயா வரல?"

நான் பல வருடமாக அழுகைக் காட்சிகளை ரசிக்கிறவள். அப்பா கையிலிருந்து போன் நழுவ வேண்டும், இடி இடிக்க வேண்டும், ஜன்னல் படார் என்று அடிக்க வேண்டும் என்றெல்லாம் அந்த நேரத்தில் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர், "எந்தக் கால்?" என்று கேட்டார்.

"இடது."

"இப்ப?"

"இப்ப நல்லாருக்குப்பா. நாளன்னைக்கு மத்தியானம் அடுத்த ரவுண்டு. பாஸ் அதேதான், செல்லும்."

அடுத்த ரவுண்டு. அதாவது அவள் ஜெயித்துவிட்டாள். இரண்டுக்கு ஐந்திலிருந்து எழுந்து, யாருமே உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல், ஜெயித்துவிட்டாள்.

போன் வைக்கப்பட்டது. அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டெய்லர் உள்ளே போய் பாஸ் இரண்டையும் சுவரிலிருந்து எடுத்தார். மாமா மட்டும் பெஞ்சில் அப்படியே இருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஐந்து வருடக் கோபுரம். ஒரு போன் காலில் இடிந்ததே, இனி இந்த மனிதர் என்ன செய்வார் என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரர்களை எனக்கு இவ்வளவு நாளாகியும் சரியாகத் தெரியவில்லை.

"ஒன்றரை மணி வாக்குல இந்த கேம் நடந்திருக்கும், இல்ல?" என்றார் மெதுவாக.

"இருக்கும்" என்றேன்.

"ஒன்றரைக்கு நான் சலூன்ல இருந்தேன். முன்பக்கம் வெட்டிட்டு இருந்தான்." அவர் கை நெற்றி முடியைத் தொட்டுப் பார்த்தது. கண்ணில் ஒரு ஒளி வந்தது. "தங்கச்சி, நீ அப்ப என்ன பண்ணிட்டு இருந்த?"

"தலைக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன்."

"தலை" என்று மாமா குறித்துக்கொண்டார். "டெய்லர், நீங்க?"

"நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறிட்டு இருந்தேன். ஜிப் டப்பா எடுக்க."

"மேல ஏறினீங்க. அவளும் மேல ஏறினா." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாடியம்மா?"

தூங்கிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீங்க?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன்.

இதற்குள் டிவியில் நாலுக்கு ஐந்து ஆகியிருந்தது. முடிவு என்னவென்று எங்கள் நான்கு பேருக்கும் தெரியும். இனி எழுந்து போகலாம், பேசலாம், டிவியையே அணைக்கலாம். மாமா எழுந்திருக்கவில்லை. "முடிஞ்சுடட்டும், இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு" என்றார். டெய்லர் டிவிக்கு முன்னால், தரையில், குழந்தைபோல முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் ஒவ்வொரு பாயிண்டுக்கும் திரும்பிப் பார்த்தபோதெல்லாம், அந்த இரண்டு காலி நாற்காலியை அவரும் பார்த்தார். அப்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தோன்றியது. ஐந்துக்கு ஐந்து. ஏழுக்கு ஐந்து. மூன்றாவது செட்டில், குளித்து முடித்த பெண் மறுபடி வேர்வையில் குளித்து, ஆறுக்கு மூன்று என்று எங்களுக்காக இன்னொரு தடவை ஜெயித்தாள்.

மாமா நிதானமாக மூச்சை விட்டார். வேலை முடிந்தவர் விடும் மூச்சு.

"அண்ணே" என்றார் டெய்லர். பாஸில் ஒன்று அவர் சட்டைப்பையில், ஊசியால் குத்தப்பட்டிருந்தது. "நாளைக்கு அந்த ஏணியக் கொண்டாந்து குடுத்துடுங்க."

"ஏணியா? ரெண்டாவது ரவுண்டுக்கு முன்னாடியா?"

"ஜிப் டப்பா எடுக்கணும்."

"டெய்லர், வேண்டாம். பாப்பா இப்பத்தான்..."

"விழுந்துருவேண்ணே. விழுந்தா நாளன்னைக்குப் போக முடியாது."

மாமா பெஞ்சுக்கு அடியில் தடவி வலது செருப்பை எடுத்து மாட்டினார். இரண்டு காலிலும் செருப்போடு அந்த வீட்டில் அவரைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ஏதோ வேறு ஆள்போல, கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். நிலைப்படியில் நின்று திரும்பினார்.

"அப்ப நாளன்னைக்கு நான் எங்க உக்காரணும்?"

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "முடி நல்லா வெட்டியிருக்கான்ணே" என்றாள்.

"ரெண்டு நாள்ல மறுபடி வெட்ட முடியாதே" என்றார் மாமா நிஜமான கவலையோடு.

சிரிக்கிறீர்கள். நீங்கள் இந்த ரகம் இல்லை. நேர்முகத் தேர்வுக்குப் போட்டுப்போன சட்டையை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்கள் பிள்ளை பரீட்சை எழுதும் நேரத்தில் சமையலறையில் ஒரு தட்டைக்கூட இடம் மாற்றாததையும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான். பெண் இரண்டுக்கு ஐந்து என்று பின்தங்கியபோது கட்டைவிரலை மடக்கி வைத்தீர்களே, இன்னும் பிரிக்கவில்லை போலிருக்கிறது. பிரித்துவிடுங்கள். மேட்ச் எப்பவோ முடிந்துவிட்டது. என்னைப் பார்க்காதீர்கள், எனக்கு மஞ்சள் குஷனில் கொஞ்சம் வேலை இருக்கிறது.

ஏணி மாமா வலது காலை வெளியே வைத்தார். யோசித்தார். உள்ளே எடுத்து, இடது காலை முதலில் வைத்துப் போனார். டெய்லர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.